பெல்ட் வண்டியா, செயின் வண்டியா? பில்லைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, வணக்கம். எனக்குத் தென்காசி. மாதம் ஒருமுறை குடும்பத்தோடு சென்னை போய்வர வேண்டியிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் ஒரு டீசல் வண்டி தேடுகிறேன். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2014 ரெனால்ட் டஸ்டர், 98,000 கி.மீ., ஒரே ஓனர். எல்லா சர்வீஸ் பில்லும் வைத்திருக்கிறார், ஆனால் டைமிங் பெல்ட் இன்னும் மாற்றவில்லை. இன்னொன்று 2015 மாருதி எர்டிகா, மீட்டரில் 1,12,000. இரண்டாவது ஓனர். முதல் மூன்று வருட பில் இருக்கிறது. அப்புறம் "வெளியிலேயே பார்த்துக்கொண்டேன்" என்கிறார். எங்கள் ஊர் புரோக்கர், "பெல்ட் வண்டி பக்கமே போகாதீர்கள், செயின் என்றால் ஆயுசுக்கும் கவலையில்லை" என்று அடித்துச் சொல்கிறார். அப்பா இன்னும் 2010 சான்ட்ரோதான் ஓட்டுகிறார். 43,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அதில் இதுவரை பெல்ட் மாற்றியதே இல்லை, ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. அப்படியென்றால் இந்தப் பயமெல்லாம் தேவைதானா?

பதில்: தம்பி, இந்த இரண்டில் எது என்றால் டஸ்டர் என்றுதான் சொல்வேன். பெல்ட் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள், வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள். பெல்ட் செயினைவிட உசத்தி என்பதற்காகச் சொல்லவில்லை. டஸ்டருக்கு என்ன செய்திருக்கிறார்கள், என்ன பாக்கி என்பது காகிதத்தில் இருக்கிறது. எர்டிகாவில் முக்கியமான வருடங்களுக்குக் காகிதமே இல்லை. செயின் இன்ஜினில் அந்தக் காகிதம் பெல்ட் இன்ஜினைவிட அதிகம் தேவை. புரோக்கர் இதைத்தான் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்.

ஏன் என்று விளங்க, முதலில் இந்தப் பெல்ட்டும் செயினும் உள்ளே என்ன வேலை செய்கின்றன என்று பார்த்துவிடுவோம். பிஸ்டன்களை மேலும் கீழும் ஓட்டுவது கீழே இருக்கும் கிராங்க் ஷாஃப்ட். வால்வுகளைத் திறந்து மூடுவது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் இருக்கும் கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும், ஒரு பல்கூடப் பிசகக் கூடாது. அந்த இரண்டையும் கட்டி ஓட்டுவதுதான் டைமிங் பெல்ட் அல்லது டைமிங் செயின். வண்டி 3,000 ஆர்.பி.எம்.மில், அதாவது கிராங்க் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்படி, போகும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. சராசரி 50 கி.மீ. வேகம், 2,000 ஆர்.பி.எம். என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் கிராங்க் சுமார் 24 கோடி சுற்று சுற்றியிருக்கும். அத்தனை சுற்றிலும் அந்தப் பிடி விலகாமல் இருந்தாக வேண்டும்.

விலகினால் என்ன ஆகும் என்பது இன்ஜினைப் பொறுத்தது. சில இன்ஜின்களில் பிஸ்டன் மேலே வந்தாலும் திறந்திருக்கும் வால்வைத் தொடாது, இடைவெளி விட்டிருப்பார்கள். அவற்றில் பெல்ட் அறுந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும், புது பெல்ட் போட்டால் மறுபடி ஓடும். ஆனால் இன்று ஓடும் டீசல் கார்களில் அந்தச் சலுகை கிடையாது. டீசலில் கம்ப்ரெஷன், அதாவது காற்றை நெருக்கும் அழுத்தம், அதிகம் வேண்டும், அதனால் பிஸ்டன் ஹெட்டை ஒட்டி ஏறும். அந்த நேரத்தில் ஒரு வால்வு திறந்து நின்றால் பிஸ்டன் நேராக அதில் மோதும். வால்வு வளையும், வால்வை அழுத்தும் ராக்கர் உடையும், வேகத்தில் நடந்திருந்தால் வால்வு தலை முறிந்து பிஸ்டனில் குத்தி நிற்கும். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, வால்வுகளை மாற்றி ஏற்றுவதற்குள் பெல்ட் மாற்றும் செலவைப் போலப் பல மடங்கு போய்விடும். நீங்கள் பார்த்திருக்கும் இரண்டு வண்டியுமே இந்த வகைதான். அதனால் "அறுந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெல்ட் என்றதும் ஜெனரேட்டர், ஏ.சி. ஓட்டுகிறதே, வெளியே தெரியுமே, அந்த பெல்ட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அறுந்தால் பேட்டரி லைட் எரியும், ஏ.சி. நிற்கும், சில வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் நின்று இன்ஜின் சூடாகும், ஆனால் வால்வில் பிஸ்டன் மோதாது. டைமிங் பெல்ட் பிளாஸ்டிக் கவருக்குள் மறைந்திருக்கும். பல் வெட்டிய ரப்பர். உள்ளே கண்ணாடி இழைக் கயிறுகள் ஓடும். பல் பக்கம் நைலான் துணி ஒட்டியிருக்கும். சும்மா ரப்பர்தானே என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஆனால் இந்த வகைப் பெல்ட் காருக்குள் வந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் தன் சின்ன கார் ஒன்றில் இதைப் போட்டது. 1966இல் ஃபியட் 124 ஸ்போர்ட்டின் இரட்டை கேம் இன்ஜினில் வந்தது. சத்தம் இல்லை, எடை குறைவு, ஆயிலே தேவையில்லை, விலையும் மலிவு. அதனால்தான் நம் ஊர் மாருதி 800 முதல் டாடா இண்டிகா, உங்கள் அப்பாவின் சான்ட்ரோ, டொயோட்டா இன்னோவாவின் பழைய 2.5 டீசல் வரை அத்தனையிலும் பெல்ட்டாகவே இருந்தது. இன்னோவாவை லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிய டிராவல்ஸ்காரர்கள் யாரும் பெல்ட் வண்டி என்று பயந்து ஒதுங்கவில்லை. தேதி வந்ததும் மாற்றிவிட்டு ஓட்டினார்கள்.

பெல்ட்டின் நல்ல குணமே இதுதான்: அதற்குக் கணக்கு உண்டு. இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முந்துகிறதோ அப்போது மாற்று என்று கம்பெனி எழுதியே கொடுத்துவிடுகிறது. வண்டிக்கு வண்டி அது மாறும். 60,000 என்று சொன்ன வண்டியும் உண்டு, லட்சம் தாண்டிச் சொல்லும் வண்டியும் உண்டு. ஓனர்ஸ் மேனுவலின் சர்வீஸ் அட்டவணையில் உங்கள் வண்டிக்கான வரியைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் எண்ணை நம்ப வேண்டாம்.

அந்த "இத்தனை வருடம்" என்பதைத்தான் நம் ஆட்கள் படிப்பதே இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை முதலில் கவலைப்பட வைத்ததும் அதுதான். நீங்கள் வாங்கப் போகும் வண்டியைவிட அப்பாவின் சான்ட்ரோதான் அவசரம். 43,000 கி.மீ. என்பது ஒன்றுமே இல்லை, சரி. ஆனால் அந்த ரப்பர் 2010இல் போட்டது. ரப்பருக்கு ஓடினாலும் வயதாகும், ஓடாமல் நின்றாலும் வயதாகும். இன்ஜின் சூடு, நம் ஊர் வெயில், வாரக்கணக்கில் ஒரே இடத்தில் வளைந்தபடி நிற்பது என்று எல்லாம் சேர்ந்து இறுகிப்போகும். இப்படி வருடக்கணக்கில் கிடந்த பெல்ட்டைக் கழற்றி முதுகுப் பக்கமாக மடக்கிப் பார்த்தால், பல்லும் பட்டையும் சேரும் இடத்தில் மயிரிழை மாதிரி வெடிப்புகள் வரிசையாகத் தெரியும். சில பற்களில் நைலான் துணி தேய்ந்து உள்ளே கறுப்பு ரப்பர் பளபளக்கும். கவரைக் கழற்றாத வரைக்கும் இது எதுவும் யாருக்கும் தெரியாது. பெல்ட் சத்தம் போட்டு எச்சரிக்காது. இதுவரை பிரச்சினை வந்ததில்லை என்பது அதற்குச் சான்றே ஆகாது. அறுகிற நிமிடம் வரை எந்தப் பெல்ட்டும் பிரச்சினை கொடுத்ததில்லை. இந்த வாரமே பெல்ட்டையும் அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றும் வரை அப்பா அதில் நெடும்பயணம் எதுவும் போக வேண்டாம்.

இனி செயின். செயின் இரும்பு, ஆயிலுக்குள் ஓடுகிறது, இன்ஜின் ஆயுள் முழுவதும் உழைக்கும்படிதான் வடிவமைக்கிறார்கள். அதெல்லாம் உண்மை. பழைய அம்பாசிடரில் இருந்ததும் செயின்தான். ஆனால் அது இரட்டை வரிசைத் தடிச் செயின். நீளமும் குறைவு, ஏனென்றால் அந்த இன்ஜினில் கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கிலேயே, கிராங்குக்குப் பக்கத்தில் இருந்தது. "செயின் என்றால் சாகாது" என்ற பேரெல்லாம் அந்தக் காலத்தில் வந்ததுதான். இன்றைய இன்ஜினில் கேம் உச்சியில் இருக்கிறது, அதுவும் பல வண்டிகளில் இரண்டு. செயின் கீழிருந்து மேல்வரை நீளமாக ஓட வேண்டும். எடையும் உராய்வும் குறைய வேண்டும் என்று அதை ஒற்றை வரிசையாக மெலிதாக்கிவிட்டார்கள். அது ஆடாமல் இருக்க இரு பக்கமும் பிளாஸ்டிக் கைடு வைத்து, ஆயில் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனர் ஒன்றால் தள்ளிப் பிடிக்கிறார்கள்.

இப்போது பாருங்கள்: செயினுக்கு மசகு ஆயில். அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனருக்கு பலம் ஆயில். கைடு தேயாமல் காப்பதும் ஆயில். பெல்ட் தன் தேதிக்கு உழைக்கிறது என்றால், செயின் முழுக்க முழுக்க ஆயிலை நம்பி உழைக்கிறது. நல்ல ஆயில், சரியான அளவில், வேளாவேளைக்கு மாற்றினால் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேலும் கவரைத் திறக்காமலே ஓடும் செயின் உண்டு. ஆயிலில் சிக்கனம் பார்த்தால் அதே செயின் லட்சத்துக்குள்ளேயே படுத்துவிடும்.

செயின் நீள்கிறது என்பார்கள். இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோத்திருக்கும் குட்டி ஆணிகளும் அவற்றைச் சுற்றியிருக்கும் புஷ்களும் தேய்கின்றன. நூற்றுக்கு மேல் கண்ணிகள். ஒவ்வொன்றிலும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தேய்ந்தாலே மொத்தத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளம் கூடிவிடும். பழைய சைக்கிள் செயின் தொங்குமே, அதே விஷயம்தான். டீசலில் இது இன்னும் மோசம், ஏனென்றால் டீசல் எரிந்த கரி ஆயிலில் கலக்கிறது. நாள்பட்ட டீசல் ஆயில் மசகாக இருப்பதைவிட அரைக்கும் வேலையைத்தான் அதிகம் செய்யும். டென்ஷனர் கொஞ்ச நாள் தள்ளித் தள்ளி ஈடுகட்டும். அதன் எல்லை முடிந்ததும் செயின் தளர்ந்து கைடில் அடிக்கத் தொடங்கும். அப்புறம் ஒரு நாள் பல் தாண்டும். அன்றைக்கு நடப்பது பெல்ட் அறுந்தால் நடப்பதுதான்.

எங்கள் ஷெட்டுக்கு ஒரு டீசல் வண்டி கட்டி இழுத்து வந்தது. செல்ஃப் அடித்தால் இன்ஜின் வழக்கமான கனம் இல்லாமல் லேசாகச் சுற்றியது, கம்ப்ரெஷனே இல்லை. டைமிங் கவரைத் திறந்தபோது டென்ஷனர் பிஸ்டன் கடைசிவரை வெளியே வந்து நின்றது, அதற்கு மேல் தள்ள வழியில்லை. ஒரு கைடு பாதியில் உடைந்திருந்தது. உடைந்த பிளாஸ்டிக் துண்டுகளைத் தேடினால், ஆயில் தேங்கும் சம்ப்பில், ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெயினர் வாயை அடைத்துக்கொண்டு கிடந்தன. வடித்த ஆயில் தார் மாதிரி இருந்தது, அளவும் பாதிதான். ஓனர் பொய் சொல்கிறவர் இல்லை. "செயின் வண்டி, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லித்தான் விற்றார்கள், நானும் டீசல் மட்டும் போட்டு ஓட்டினேன்" என்றார். அவருக்கு யாரும் ஆயிலைப் பற்றிச் சொல்லவில்லை. உங்களுக்கு உங்கள் புரோக்கர் சொன்னதும் கிட்டத்தட்ட அதே வாசகம்தான். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

எர்டிகாவில் இருப்பது 1,248 சி.சி. டீசல், ஃபியட்டின் 1.3 மல்ட்டிஜெட் வடிவமைப்பு. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ என்று ஏகப்பட்ட வண்டிகளில் ஓடிய இன்ஜின். நல்ல இன்ஜின், மைலேஜ் கொடுக்கும், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் கை பழகியது. ஆனால் அதில் கொள்ளும் ஆயிலே மூன்று லிட்டர் சொச்சம்தான். அதில் ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். சர்வீஸ் இடைவெளியை நீட்டி, ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்க்காமல் ஓட்டியவர் கையில் இருந்த வண்டியில் செயின் என்ன பாடுபட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். முதல் மூன்று வருடத்துக்குப் பில் இருக்கிறது. அதற்கப்புறம் இத்தனை வருடம் யார், எப்போது, என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று தெரியாது. மீட்டரில் இருக்கும் 1,12,000 உண்மையா என்று காட்டவும் அந்தப் பில்கள்தான் இருந்திருக்க வேண்டும்.

பெல்ட் பழசு, செயின் புதுசு என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ஃபோக்ஸ்வாகன் தன் சின்ன டி.எஸ்.ஐ. பெட்ரோல் இன்ஜின்களில் முதலில் செயின்தான் வைத்திருந்தது. அது நீள்கிறது, பல் தாண்டுகிறது என்று புகார்கள் குவிந்தன. அடுத்த தலைமுறை இன்ஜினில் பெல்ட்டுக்கு மாறிவிட்டது. பி.எம்.டபிள்யூ.வின் என்47 டீசலில் செயினை இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி வைத்தார்கள். அது தேய்ந்தபோது மாற்றுவதற்கே இன்ஜினை இறக்க வேண்டியதாகிவிட்டது. மறுபக்கம், டொயோட்டா இன்னோவா கிரிஸ்டாவின் 2.4 டீசலில் பெல்ட்டிலிருந்து செயினுக்கு வந்தது. ஹூண்டாயும் சான்ட்ரோவின் பழைய இன்ஜினில் பெல்ட் வைத்து, அப்புறம் வந்த கப்பா இன்ஜினில் செயினுக்குப் போனது. ஆக, இதில் ஒரே திசையில் போகும் முன்னேற்றம் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

நடுவில் ஒரு மூன்றாவது வகை இருக்கிறது, ஆயிலுக்குள் ஓடும் பெல்ட். ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட் அப்படித்தான். நம் ஊரில் ஈகோஸ்போர்ட்டில் வந்தது. தவறான ஆயிலோ நாள்பட்ட ஆயிலோ ஓடினால் அந்த ரப்பர் ஊறி உதிரும், உதிர்ந்த துகள் ஆயில் ஸ்ட்ரெயினரை அடைக்கும். பெல்ட்டின் கெடுவும் அதற்கு உண்டு, செயினின் ஆயில் கட்டுப்பாடும் அதற்கு உண்டு. அப்படிப்பட்ட வண்டியைக் காகிதம் இல்லாமல் தொடவே கூடாது. உங்கள் பட்டியலில் அது இல்லை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

எர்டிகாதான் வீட்டில் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, ஏழு பேர் உட்காரலாம் என்று சொன்னால், அதையும் ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். காகிதம் சொல்லாததை இன்ஜினிடம் கேட்டுப் பார்க்கலாம். காலையில் போங்கள், நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஏனென்றால் தளர்ந்த செயின் தன்னைக் காட்டிக்கொடுப்பது ராத்திரி முழுக்க நின்று ஆயில் எல்லாம் கீழே இறங்கியிருக்கும் அந்த முதல் ஸ்டார்ட்டில்தான். பானெட்டைத் திறந்து வைத்து, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, கியர்பாக்ஸுக்கு எதிர்ப்புறம், டைமிங் கவர் இருக்கும் பக்கம் நின்று கேளுங்கள். டீசலின் வழக்கமான டக டக சத்தம் எப்படியும் இருக்கும். அதற்கு மேல், இரும்புச் சங்கிலியைத் தகரத்தில் உரசுவது போன்ற ஒரு கரகர சத்தம் ஓரிரு நொடி வந்து நின்றால் டென்ஷனரில் ஆயில் ஏறத் தாமதம், கவனிக்க வேண்டும். அது நிற்காமல் தொடர்ந்தாலோ, சூடான பிறகும் ஐடிலிங்கில் கேட்டாலோ, செயின் செலவு நிச்சயம்.

அதற்குமுன், ஸ்டார்ட் செய்யாமலே டிப் ஸ்டிக்கை உருவி அளவு பாருங்கள். நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். டீசலில் புது ஆயிலே கொஞ்ச நாளில் கறுத்துவிடும். அளவு கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தால் அந்த ஓனர் அதை உருவிப் பார்க்கிற ஆள் இல்லை என்று தெரிந்துவிடும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவுங்கள். கெட்டியாகக் களிம்பு மாதிரி ஒட்டினால் ஆயிலை நாள் கடத்தி மாற்றியிருக்கிறார்கள். அப்புறம் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போங்கள். பி0016 என்று ஒரு பிழைக் குறியீடு வந்தால், கிராங்கும் கேமும் சொல்லும் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். சென்சார் கோளாறாலும் அது வரலாம், ஆனால் செயின் நீண்டிருப்பதும் அதற்கு ஒரு முக்கியமான காரணம். வந்த குறியீட்டை அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு என்பதால், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். இத்தனையும் தேறினால் வண்டியை எடுக்கலாம். ஆனாலும் முதல் வேலையாக ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட வேண்டும், செயின் வேலைக்கென்று ஒரு தொகையை ஒதுக்கியும் வைக்க வேண்டும். செயின் வேலை சின்னது இல்லை. சம்ப், முன்கவர் எல்லாம் இறக்கி, செயின், அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட், கைடு, டென்ஷனர் நான்கையும் சேர்த்து மாற்றி, கவரை அனபாண்ட் பசை போட்டு ஒழுகாமல் மூட வேண்டும். செயினை மட்டும் மாற்றி, தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் மாட்டினால் புதுச் செயினும் சீக்கிரமே போய்விடும்.

இனி நான் சொன்ன டஸ்டர். அதில் இருப்பது கே9கே என்ற 1,461 சி.சி. டீசல் இன்ஜின். ஒரகடம் ஆலையில் தயாரான வண்டி. இதே இன்ஜின் நிசான் டெரானோ, சன்னி டீசலிலும் ஓடியது. அதனால் பெல்ட்டும் டென்ஷனரும் சேர்ந்து வரும் கிட்டுக்கு நீங்கள் அலைய வேண்டியிருக்காது. விற்பவரிடம் பேசும்போது, "பெல்ட் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது" என்று கவரைக் கழற்றிக் காட்டுவார். பார்க்க நன்றாகவே இருக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். 2014 ரப்பர், ஒரு லட்சத்தை நெருங்கிய ஓட்டம், அவ்வளவு போதும். இரண்டு வொர்க்‌ஷாப்பில் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கிக்கொண்டு, அதை அவர் முன் வைத்தே விலையைப் பேசுங்கள். நேர்மையான விற்பனையாளர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

எஸ்டிமேட் கேட்கும்போது "பெல்ட் மாற்ற எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "டைமிங் கிட்டும் வாட்டர் பம்ப்பும்" என்று கேளுங்கள். இந்த இன்ஜினில் கேம், டீசல் ஹை பிரஷர் பம்ப், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் அதே பெல்ட்தான் ஓட்டுகிறது. பெல்ட் போனது என்று வரும் வண்டிகள் பலவற்றில் முதலில் போயிருப்பது பெல்ட் இல்லை. டென்ஷனர் பேரிங்கோ, வாட்டர் பம்ப் பேரிங்கோ இறுகி, பெல்ட்டைத் தின்றிருக்கும். புது பெல்ட்டைப் பழைய பேரிங்கில் மாட்டி விடுவது காசைக் கரியாக்குவதுதான். கிராங்க், கேம் ஆயில் சீல்களில் கசிவு தெரிந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடச் சொல்லுங்கள். ஆயில் பட்டால் இந்த ரப்பர் ஊறிவிடும். கூலி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, சீல் விலை அதில் ஒரு சிறு பங்குதான்.

யாரிடம் கொடுப்பது என்பது விலையைவிட முக்கியம். இந்த வேலைக்கு இன்ஜினை ஜாக்கியில் தாங்கி வைத்து, இன்ஜினைப் பிடித்திருக்கும் வலது பக்க மவுண்ட்டைக் கழற்ற வேண்டும். கிராங்கையும் கேமையும் சரியான இடத்தில் நிறுத்திவைக்க இதற்கென்றே பின்கள் உண்டு. அந்த மெக்கானிக்கிடம், "கே9கேவுக்கு டைமிங் பின் வைத்திருக்கிறீர்களா" என்று நேராகக் கேளுங்கள். "அதெல்லாம் வேண்டாம், சாக்பீஸில் குறி போட்டே மாட்டிவிடுவேன்" என்றால் மரியாதையாக வந்துவிடுங்கள். பழைய பெல்ட் ஏற்கெனவே ஒரு பல் பிசகியிருந்தால், அந்தக் குறி பிசகையும் சேர்த்தே நகல் எடுக்கும். மாட்டி முடித்ததும் செல்ஃப் அடிப்பதற்கு முன் ஸ்பேனர் போட்டு கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, பின்கள் மறுபடி அதே இடத்தில் இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். எங்காவது இடித்தால் கையிலேயே தெரிந்துவிடும், அங்கேயே நிறுத்தித் திருத்தலாம். நேராகச் செல்ஃப் அடித்துப் பார்க்கிறவர் கையில் உங்கள் வால்வுகளைக் கொடுக்காதீர்கள். கிராங்க் புல்லி போல்ட்டும் புதிதாகத்தான் போட வேண்டும். கிட்டில் இல்லை என்றால் தனியாக வாங்கிக் கொடுங்கள்.

பாகங்களை நீங்களே வாங்குவதாக இருந்தால், பெயர் தெரிந்த கம்பெனியின் முழு கிட்டை, பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். பெல்ட்டைக் கையில் வாங்கியதும் மடித்துப் பையில் திணிக்காதீர்கள். உள்ளே ஓடும் கண்ணாடி இழை முறிந்துவிடும். பெட்டியோடு அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிய பெல்ட்டையும் பேரிங்கையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பேரிங்கை விரலால் சுற்றும்போது சொரசொரவென்று ஓடினால், நீங்கள் சரியான நேரத்தில் மாற்றியிருக்கிறீர்கள்.

வேலை நடந்த தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி டைமிங் கவரிலேயே ஒட்டச் சொல்லுங்கள், பில்லை ஆர்.சி.யோடு சேர்த்து வையுங்கள். முதல் சென்னைப் பயணத்துக்கு முன் மதுரை வரை ஒரு நடை போய்வாருங்கள். வந்ததும் வண்டிக்கு அடியில் கூலன்ட் சொட்டுகிறதா என்று பாருங்கள். வாட்டர் பம்ப் மாற்றிய வண்டியில் கசிவு இருந்தால் அந்தத் தூரத்துக்குள் தெரிந்துவிடும். சான்ட்ரோ வேலையை அதே மெக்கானிக்கிடம் கொடுப்பதாக இருந்தால், டஸ்டருக்காகக் காத்திருக்காமல் அதை முதலில் விடுங்கள்.